கேழ்வரகு முளைத்த பை

இதை எழுதலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "எழுதுங்க, எனக்கு இன்னா வந்துச்சு. ஆனா கேவுரு கதைய உட்டுடாதீங்க. அத்த உட்டுட்டா மீதி எல்லாம் அழுமூஞ்சிக் கதையா பூடும்" என்றாள். கேழ்வரகைத்தான் நாங்கள் கேவுரு என்போம். அது பின்னால் வருகிறது.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் தங்கச் சுரங்கத்து ஊரில், பாலகாட் பகுதியின் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரை நீளமாகப் போகும்; அதற்குள் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் மூங்கில் தட்டி, அதன் மேல் மண் பூச்சு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இந்தப் பக்கம் இருப்பவர் "நூறாயுசு" என்பார். எனக்குச் சுரங்கத்தில் டிம்பர் வேலை. மேலே இருக்கிற பாறை கீழே வராதபடி மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துவது. அங்கே பேச்சு அதிகம் தேவையில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. நான்கு பேர் கூடி நின்றால் வேறு வழியாகச் சுற்றிப் போகிறவன் நான்.

மனைவிக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை என்பதால் அவள் சில மாதம் சொல்லாமலே இருந்தாள். சொன்ன பிறகு டாக்டரிடம் காட்டினோம். அவர் வேலூருக்கு அனுப்பினார். வேலூரில் மார்பையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். உயிருக்கு இனி பயம் இல்லை என்று சொன்ன டாக்டரைக் கும்பிட்டுவிட்டு வராண்டாவில் வந்து உட்கார்ந்தேன்.

பெண்கள் வார்டு. பார்க்கிற நேரத்தில்தான் ஆண்களை உள்ளே விடுவார்கள். முதல் நாள் ஆரஞ்சுப் பழங்களோடு, முகத்தையும் அதற்கேற்ற மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். இதே ஆபரேஷன் ஆன பெண்கள் மூன்று நான்கு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். குடியாத்தத்திலிருந்து வந்த நெசவுக்காரம்மா ஏற்கனவே ஆபரேஷன் ஆகி, புண்ணைக் காட்ட மறுபடி வந்து படுத்திருந்தார். அந்த அம்மாதான் பேசிக்கொண்டிருந்தார்.

"எடுத்த எடத்துல நூல்கண்ட சுத்தி வெச்சிக்கினு பஸ்ல ஏறினன்மா. குடியாத்தம் தாண்டசொல்ல பாக்கறன், அது முதுவுப் பக்கம் போயி கீது. பின்னால ஒக்காந்திருந்தவன், அம்மா உங்களுக்கு கூன் கீதான்னு கேக்கறான்."

என் மனைவி கையால் கட்டுத்துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கும். அடுத்த கட்டிலில் ஒரு டீச்சரம்மா. அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். ஆனால் மறுநாள் அவர்தான் ஒரு காகிதத்தை வெட்டி, மார்பு இருந்த இடத்தில் வைத்துக்கொள்ளப் பை எந்த அளவில் தைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டினாராம். நர்ஸ், வெளிநாட்டில் ஆபரேஷன் செய்தே மறுபடியும் ஒன்றை உண்டாக்கி வைக்கிறார்கள், நம் பக்கம் இன்னும் வரவில்லை என்று சொன்னார். நெசவுக்காரம்மா, "அப்போ நாமளே உண்டாக்கிக்க வேண்டியதுதான்" என்றார்.

ஊர் திரும்பும்போது ரயிலில் மனைவி என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். லைனில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. வயிற்றில் ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சரி என்றேன். எதையும் சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை.

கஷ்டம் அவளுக்குத்தான் வந்தது. வயிற்றில் ஆபரேஷன் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா தினமும் கஞ்சி கொண்டுவர ஆரம்பித்தார். உப்பு குறைவு, காரம் கிடையாது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் சுரங்கத்துக் காவல் வேலையில் இருந்தவர். வேலை முடிந்து மேலே வருகிற ஆட்களைச் சோதனை போடுகிற கூட்டத்தில் ஒருவர். அக்காவுக்கும் கொஞ்சம் சோதனைக் குணம் உண்டு. என் மனைவிக்குக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட ஆசையாக இருந்தது. சமைத்தால் வாசனை தட்டியைத் தாண்டிப் போகும். "வயித்து ஆபரேஷன்காரிக்கு கருவாடா" என்று அக்கா வந்து நிற்பார். அதனால் கஞ்சியையே குடித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினன், அவளுடைய தம்பி, வந்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெண் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஸ்கெலட்டன் லைன். அங்கே இருக்கிற எங்கள் பௌத்த விகாரையில் கல்யாணம்.

"நல்லா நடக்கட்டும்டா" என்றாள் மனைவி. "நா வந்து பின்னால ஒக்காந்து பாக்கறன்."

"பின்னால ஒக்காந்துக்கினா மூணாவது முடிச்சு யாரு போடறது?"

"பெரியப்பா பொண்ணு கீறா. அவளும் உனக்கு அக்காதான்."

"அவளா. செருப்பு வாரு கட்டற மாதிரி கட்டுவா. நீ போடறதுன்னா போடு. இல்லன்னா ரெண்டு முடிச்சோட நிக்கட்டும், உடு."

தாலியின் முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மூன்றாவது மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். பெண்ணுக்குப் பின்னால் நின்று, சடையை ஒதுக்கி, குனிந்து, இரண்டு கையாலும் இழுத்துக் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் கூட்டம் முழுக்க எழுந்து நின்று அங்கேதான் பார்க்கும். தம்பி போன பிறகு மனைவி என்னிடம் சொன்னாள்: "கை மேல வரமாட்டேங்குது. குனிஞ்சா இந்தப் பக்கம் துணி பள்ளமா தொங்கும். அத்தினி கண்ணும் அங்கதான் இருக்கும். என்னால ஆவாதுங்க." ஆனால் பெரியப்பா பெண்ணுக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. தூக்கி வளர்த்த தம்பி. அந்த முடிச்சைப் போட அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

கைக்கு நர்ஸ் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். சுவருக்கு எதிரில் நின்று, இடது கை விரல்களைச் சிலந்தி மாதிரி சுவரில் மேலே நடக்கவிட வேண்டும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் ஏற வேண்டும். நான் தட்டிச் சுவரில் கரியால் கோடுகள் போட்டுக்கொடுத்தேன். சுரங்கத்தில் ஆழத்தை லெவல் லெவலாக எண்ணுவோம். ஆட்களை ஏற்றுகிற கூண்டுதான் கேஜ்; மேலே இஞ்சின் டிரைவர் இழுக்க, அது ஒவ்வொரு லெவலாகக் கடந்து வரும். வேலை விட்டு வந்ததும் நான் கேட்பேன்.

"இன்னிக்கு கேஜ் எங்க நின்னுச்சு?"

"தோளாண்ட வந்துட்டு நின்னுக்கிச்சு. இஞ்சின் டிரைவர் தூங்கிட்டான் போல."

ஒருநாள் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏம்மா, உங்க வீட்ல எலி கீதா? பொழுதனிக்கும் பரண்டற சத்தம் கேக்குது."

"ஆமாக்கா, பெரிய எலிக்கா" என்றாள் மனைவி, கையை இறக்காமலே.

பிறகு பை. டீச்சரம்மா காட்டிய அளவில் முதலில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்தாள். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பஞ்சுக்குக் கனம் இல்லை. காலையில் வைத்த இடத்தில் சாயங்காலம் இருக்காது. மெல்ல மேலே ஏறித் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உள்ளே போடுகிற பாடி கொஞ்சம் இறுக்கமாக ஒன்று இருந்தால் பிடித்து நிறுத்தலாம் என்றாள். ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் வாங்கிவர வேண்டியது நான்.

ஜவுளிக் கடையில் பொம்பளைகள் துணி இருக்கிற பக்கம் கண்ணைத் திருப்பவே எனக்கு வரவில்லை. கடைக்காரர் "இன்னா வேணும்ணா?" என்றார். "துண்டு" என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுவாரம் போனேன். அன்றைக்கும் துண்டுதான். அதற்கடுத்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, "உங்க வீட்ல எத்தினி பேருண்ணா குளிக்கறீங்க?" என்று கேட்டார்.

மனைவி துண்டுகளை வரிசையாக மடித்து வைத்துப் பார்த்தாள். "உங்கள அனுப்பனன் பாரு" என்றாள். பிறகு தன்னிடமிருந்த பழைய பாடியையே பிரித்து, உள்பக்கம் ஒரு ஜேபி வைத்துத் தைத்தாள். அந்தத் துண்டுகளில் ஒன்றை வெட்டிப் பை செய்தாள். துண்டுத் துணி உடம்பில் உறுத்தவில்லை. ஆகவே என்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அந்தப் பைக்குள் கேழ்வரகைப் போட்டாள். கனம் சரியாக வந்தது. உட்கார்ந்தால் உடம்போடு அமைந்தது, நடந்தால் நடையோடு அசைந்தது. வேலூரிலிருந்து திரும்பிய பிறகு முதல்முறையாகக் குடத்தை எடுத்துக்கொண்டு லைன் குழாய்க்குப் போய் வந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று வந்து சொன்னாள். அவ்வளவு சந்தோஷம்.

வேர்வையில் பை அழுக்கானது. கேழ்வரகைக் கொட்டிவிட்டுத் துவைத்திருக்க வேண்டும். மறுபடி அளவு பார்த்துப் போட வேண்டுமே என்று அப்படியே முக்கிப் பிழிந்து, வெளியே கொடியில் போட முடியாததால், வீட்டுக்குள் ஒரு புடவைக்குப் பின்னால் மறைவாகத் தொங்கவிட்டாள். வானம் மூடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். இரண்டு நாள் கழித்துப் புடவையை விலக்கினால், பையின் துணி இழை ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. கிழவனின் தாடி மாதிரி. எங்கள் ஊரில் கேழ்வரகை நனைத்துத் துணியில் கட்டி முளைக்கவைக்காத வீடு இல்லை. அதை இவள் மறந்துவிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். "எனக்கு பயிர் வெச்சிடுச்சு பாருங்க" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, இடது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முளைத்ததை அவள் வீணாக்கவில்லை. காயவைத்து, அரைத்து, கூழ் காய்ச்சினாள். நான்தான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது கடுகு. கடுகும் முளைக்கும் என்பதால் இந்த முறை வாணலியில் லேசாக வறுத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம், நான் முதல் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் தாம்பாளத்தில் கடுகைக் கொட்டி வைத்துப் பையை நிரப்பினோம். பேசியது இதுதான்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க. கனம் பத்தல."

"கீழ சிந்துது பாரு. ஒண்ணு உடாம பொறுக்கிடு. யாராவது வந்து பாத்தா இன்னா சொல்றது?"

"வாயத் தெச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிக்கினா எந்த மவராசனுக்கும் தெரியாது."

"குனியசொல்ல வுழுந்துட்டா?"

"பாடியோட சேத்து தெச்சிடறன். கல்யாணக் கூட்டத்துல யாரு என்ன தடவிப் பாக்கப் போறாங்க."

நான் வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினேன். லைன் வீட்டில் உரக்கப் பேசினால் ஒருவரும் காதில் வாங்கமாட்டார்கள். மெதுவாகப் பேசினால்தான் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். அந்தப் பக்கம் காவல்கார அண்ணன் நைட் டூட்டி முடித்துப் படுத்திருந்தார். சுரங்கத்திலிருந்து தங்கத்தை ஒளித்து எடுத்துவருகிறவர்களைப் பிடிப்பதே அவருக்கு வேலை. சோற்றுத் தூக்கின் அடியில், தலைமுடிக்குள், செருப்புக்குள் என்று அவர் பார்க்காத இடம் இல்லை. அவருடைய காதில் தாம்பாளத்தில் சலசலவென்று பொடியாக ஏதோ விழுகிற சத்தமும் எங்கள் பேச்சும் போனால் அவர் என்ன நினைப்பார்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். யூனிபார்ம் போட்டிருந்தார், தடியைக் கொண்டுவரவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி டீ வைத்தாள். அவர் தொடவில்லை. அவருக்குப் பின்னால் அக்கா வாசற்படியில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"தம்பி," என்றார் அண்ணன், "நா கேக்கறதா நெனைக்காத. என் உத்தியோகம் கேக்குது."

"இன்னாண்ணா?"

"நேத்து தட்டிக்கு அந்தாண்ட படுத்துக்கினு இருந்தன். எல்லாம் கேட்டுச்சு. கனம் பத்தலன்ற. ஜாக்கெட்டுக்குள்ளன்ற. கல்யாணத்துல கைமாத்தப் போறன்ற."

"கைமாத்தறன்னு சொல்லலண்ணா."

"அப்போ மத்ததெல்லாம் சொன்ன."

அவர் குரலைத் தணித்தார். "எடுத்துக் குடுத்துடு. எங்கியோ கெடந்துச்சுன்னு சொல்லி நா ஒப்படைச்சிடறன். உம் பேரு வராது. இல்லன்னா நா ரிப்போர்ட் பண்ணித்தான் ஆவணும். தெரிஞ்சும் சும்மா இருந்தா என் வேலையும் பூடும். எனக்கு புள்ளகுட்டி கீது தம்பி."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். என் வேலை, இந்த வீடு எல்லாம் ஒரு வார்த்தையில் நின்றது. அந்த வார்த்தை என் வாயில் வராது. வேலூர் டாக்டரிடமே "அந்த இடம்" என்றுதான் சொன்னேன். வேறொரு ஆணிடம் என் மனைவியின் உடம்பைப் பற்றி எப்படிச் சொல்வது. அவளுக்கு வாக்கும் கொடுத்திருக்கிறேன். சொல்லக் கூடியதை மட்டும் சொன்னேன்.

"அது கடுகுண்ணா."

"கடுகா?"

"வறுத்த கடுகு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, பொய் சொல்றதுக்கும் ஒரு மொகம் வேணும். உனக்கு அது இல்ல" என்றார்.

மனைவி அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பையை எடுத்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து அதை அண்ணனின் கையில் வைத்தாள்.

"இந்தாங்கண்ணா. பிரிச்சுப் பாருங்க."

கனத்தைக் கையில் உணர்ந்ததும் அவர் முகம் இருண்டது. நகத்தால் தையலைக் கீறினார். கடுகு உதிர்ந்து தரையில் ஓடியது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்து, "கடுகுதான்" என்றார். குரலில் நிம்மதியும் இருந்தது, குழப்பமும் இருந்தது. "இத்த எதுக்கும்மா ஜாக்கெட்டுல..."

"எனக்கு வயித்துல ஆபரேஷன் இல்லண்ணா" என்றாள் அவள். "கட்டி வந்து இடது மார எடுத்துட்டாங்க. அந்த எடத்துல வெச்சிக்கினு கீறன். உங்க கையில கீறது அதான்."

அண்ணனுக்கு அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை. பச்சைக் குழந்தையை முதல்முறை வாங்கியவர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே வந்து அவர் தோளில் ஒரு அடி வைத்தார்.

"குடுய்யா இங்க. தங்கம் புடிக்க வந்துட்டாரு தொர."

பையை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிந்திய கடுகைக் கூட்ட ஆரம்பித்தார். கூட்டிக்கொண்டே என் மனைவியைக் கேட்டார்: "ஏண்டி, அப்போ நா இத்தினி நாளா ஊத்துன கஞ்சி?"

"குடிச்சன்கா."

"கருவாடு துன்னலாமா நீ?"

"எல்லாம் துன்னலாம்னுதான் டாக்டர் சொன்னாரு."

"பாவி. வாயத் தொறந்து சொல்றதுதானே." அக்கா மூக்கைச் சிந்தினார். அன்று சாயங்காலம் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. பின்னாலேயே குழம்பும் வந்தது.

அக்கா கடுகு கூட்டும்போதே அண்ணன் எழுந்துவிட்டார். வாசலில் நின்று என்னிடம், "அந்த டீ கீதா தம்பி?" என்றார். ஆறிப்போன டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

இருட்டுவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் வந்தார்கள். நான் வெளியே கல்லில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அவள் தழும்பைக் காட்டினாள் போல. பிறகு ஒரு பெண் அழுகிற சத்தம். "அழுவாதடி, எனக்கே காஞ்சி போச்சு" என்று இவள் சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். பைக்குள் எதைப் போடுவது என்பதுதான் பேச்சு. ஒரு பெண் கடுகு உடம்புக்குச் சூடு என்றாள். இன்னொருத்தி ஜவ்வரிசி என்றாள். "மழைல நனைஞ்சா பாயசமா ஆயிடும்" என்று மற்றொருத்தி அதைத் தள்ளினாள். யாரோ பாறை அரைக்கிற மில் பக்கத்து மண் நைசாக இருக்கும் என்றார்கள். "மண்ணு வேணாம்," என்றது அக்காவின் குரல், "அதுல நெசமாவே தங்கம் கீது. எங்க வூட்டுக்காரரு மறுபடியும் வந்துடுவாரு."

கடைசியில் கடுகே நின்றது.

மறைக்க வேண்டியது போனதும் வீட்டில் காற்று வந்த மாதிரி இருந்தது. பையை வெளிக்கொடியிலேயே, மற்றத் துணிகளோடு காயப்போட்டாள். கைப் பயிற்சியை அக்கா எடுத்துக்கொண்டார். இவள் இந்தப் பக்கம் தட்டியில் விரலை நடக்கவிட்டால், அக்கா அந்தப் பக்கம் தன் விரலை அதே வேகத்தில் நடக்கவிடுவார். "வந்தியா?" "வந்துட்டன்கா." "நா இன்னும் மேல கீறன், வாடி." இரண்டு பேர் சுவருக்கு இரண்டு பக்கமும் பரண்டுகிற சத்தத்தில் என்னால் மத்தியானம் கண்ணை மூட முடியவில்லை. கை தலைக்கு மேல் போக ஆரம்பித்தது.

ஆனாலும் முடிச்சைப் பற்றிக் கேட்டால் அவள் பதில் சொல்லமாட்டாள். "லைன்ல தெரியறது வேற. நாலு ஊரு ஜனத்துக்கு முன்னால குனிஞ்சு நிக்கறது வேற" என்றாள் ஒருமுறை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெரியப்பா பெண்ணைக் கூப்பிட்டு, "பக்கத்துலயே நில்லு. நா ஜாடை காட்டனா நீ போட்டுடு" என்று சொல்லியும் வைத்தாள்.

கல்யாணத்தன்று விகாரை நிறைந்திருந்தது. வெளியே வாசலில் பேண்டு. பிக்கு பஞ்சசீலம் சொல்லி முடித்தார். எல்லோரும் திருப்பிச் சொன்னோம். மச்சினன் தாலியை எடுத்தான். பேண்டுக்காரர்கள் பிடித்தார்கள் ஒரு பிடி. கூட்டம் எழுந்து நின்றது. நான் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்து அவளுடைய இடது பக்கமும் மச்சினனின் முகமும் தெரிந்தன.

ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு. மச்சினன் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். பெரியப்பா பெண்ணைப் பார்க்கவே இல்லை. நேராகத் தன் அக்காவைப் பார்த்தான். கயிற்றை விடவும் இல்லை.

பெரியப்பா பெண் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். என் மனைவி ஜாடை காட்டவில்லை. முன்னால் போய்ப் பெண்ணின் சடையை ஒதுக்கி, கயிற்றை வாங்கிக் குனிந்தாள்.

குனிந்ததும் நின்றுவிட்டாள். எனக்குப் புரிந்தது. பாடியோடு சேர்த்திருந்த தையல் ஒரு பக்கம் விட்டுவிட்டது. பை சரிந்து முன்னால் தொங்குகிறது. நான்கைந்து வரிசை தள்ளிப் பக்கத்து வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பெரியப்பா பெண் கையை நீட்டினாள்.

என் மனைவி கயிற்றின் இரண்டு நுனியையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பயிற்சி செய்த கை. வலது கையால், முந்தானைக்கு மேலாகவே, பையைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள். அவசரப்படவில்லை, ஒளிக்கவும் இல்லை. வைத்தது சரியாக இருக்கிறதா என்று ஒரு தட்டும் தட்டிப் பார்த்தாள். முதல் வரிசையில் ஒரு கிழவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பக்கத்திலிருந்த பெண் திருப்பிக்கொள்ளவில்லை. மச்சினன் அசையாமல் நின்றான். அவள் மறுபடி குனிந்து முடிச்சைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். திருப்தியாக இல்லை போல, அதன் மேலேயே இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

வெளியே பேண்டுக்காரர்களுக்கு உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது. நிறுத்தச் சொல்லி யாரும் ஜாடை காட்டவில்லை என்பதால் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கிளாரிநெட் வாசிக்கிறவரின் கன்னம் பூரி மாதிரி உப்பி, கண் பிதுங்கி, நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. ஒரு கட்டத்தில் அவர் மூச்சு வாங்குவதற்காக நடுவில் விட்டுவிட்டு, டிரம்காரரை மட்டும் அடிக்கவிட்டு, மறுபடியும் பிடித்தார். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பெண்ணின் சடையைத் திரும்ப எடுத்துவிட்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அந்தக் கிளாரிநெட்காரர் அவள் இலைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, மூணாவது முடிச்சுக்கு எங்க உயிரே பூடுச்சு" என்றார்.

"நாத்தனார் முடிச்சுண்ணா. அவுந்துக்கினா என்னத்தான கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ஸ்கெலட்டனிலிருந்து பாலகாட்டுக்கு நடந்தே வந்தோம். அண்ணனும் அக்காவும் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் நடையைத் தணித்து என் பக்கத்தில் வந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, நா பைய எடுத்து வெச்சனே, அப்போ எல்லாரும் என்னியதானே பாத்தாங்க?"

"முன்னால கொஞ்சம் பேரு பாத்தாங்க" என்றேன். "பின்னால நாங்க எல்லாம் பேண்டுக்காரரத்தான் பாத்துக்கினு இருந்தோம். அவரு வெடிச்சிடுவாரோன்னு."

அவள் கொஞ்ச தூரம் நடந்தாள்.

"அப்போ செரி" என்றாள்.